அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் அன்றே தசையையும் அளந்துவிடுங்கள்

மதுரை வட்டார மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர்களுக்கும், மயக்கவியல் துறையினருக்கும், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

பெரிய வயிற்று அறுவைக்கோ புற்றுநோய் அறுவைக்கோ தேதி வாங்க வரும் நோயாளியின் கையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கிறது. ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியேட்டினின், இசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், மயக்க மருந்துக்கான தகுதிச் சான்று. இதயம் தாங்குமா, நுரையீரல் தாங்குமா, சிறுநீரகம் தாங்குமா என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் அறுவைக்கு மறுநாள் அவரை எழுந்து உட்கார வைப்பதும், சளியை இருமி வெளியே தள்ளுவதும், தையல் ஆறுவதற்கு அமினோ அமிலம் தருவதும் தசை. அதைப் பற்றி அந்தக் கட்டில் ஒரு வரிகூட இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான். அறுவைக்கு முடிவெடுக்கும் அன்றே தசையின் பலத்தையும் அளவையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அன்றிலிருந்து அறுவை நாள் வரை கிடைக்கும் நாட்களை, நோயாளி வெறுமனே காத்திருக்கும் நாட்களாக விடாதீர்கள்.

தசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வார்டு நடைமுறையில் அது மறந்துபோகிறது. அறுவை முடிந்ததும் உடல் அழற்சி நிலைக்குப் போகிறது. கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, இன்சுலின் சொல்வதை உடல் கேட்பதில்லை. புண் ஆறவும் வெள்ளணுக்கள் பெருகவும் கல்லீரல் புதிய புரதங்களைச் செய்யவும் அமினோ அமிலம் வேண்டும். கொழுப்புக்கு உடலில் கிடங்கு உண்டு, சர்க்கரைக்கும் கொஞ்சம் உண்டு. புரதத்துக்கென்று தனிக் கிடங்கு கிடையாது. மழை பொய்த்த வருஷத்தில் விதைநெல்லை எடுத்துக் குத்திச் சமைப்பது போல, உடல் தசையைக் கரைத்துச் செலவழிக்கிறது. கையிருப்பு ஏற்கெனவே குறைந்தவருக்கு உதரவிதானமும் விலா எலும்பிடைத் தசைகளும் சேர்ந்து மெலிகின்றன. இருமலில் வேகம் இல்லாமல் சளி தங்குகிறது, நிமோனியா வருகிறது. சர்க்கரையை உறிஞ்சும் பெரிய உறுப்பும் தசைதான் என்பதால், அது குறைந்தவருக்கு அறுவைக்குப் பின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது.

படுக்கை இதை இன்னும் வேகப்படுத்துகிறது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. நோயே இல்லாத அவர்களுக்கும் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத் திசு குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், 10-ஆம் நாளில் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 18 சதவீதம் சுருங்கியிருந்தது. இரைப்பை, பெருங்குடல், கணையம், கல்லீரல், உணவுக்குழாய் என்று எந்த அறுவையை எடுத்தாலும், முன்பே தசை குறைந்தவர்களுக்குச் சிக்கல்கள் கூடுதலாகவும் மருத்துவமனை நாட்கள் அதிகமாகவும் இருந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இடுப்பெலும்பு முறிவிலும் இதே கதைதான்.

'எடை பார்க்கிறோமே, அது போதாதா?' என்று கேட்கலாம். போதாது. வயிற்றில் நீர் கோத்தவரும் கால் வீங்கியவரும் எடை இயந்திரத்தில் நன்றாகவே தெரிவார்கள். நம் ஊரில் அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு: தொப்பை இருக்கும், கை கால் குச்சியாக இருக்கும். சர்க்கரை நோயுள்ள 60 வயதுக்காரரின் பி.எம்.ஐ. 26 என்று எழுதிவிட்டு 'ஊட்டம் நன்று' என்று டிக் அடித்துவிடுகிறோம். கொழுப்புக்குள் தசைக் குறைவு ஒளிந்திருக்கும் இவர்களுக்குத்தான் அறுவைக்குப் பின் எதிர்பாராத தொல்லைகள் வருகின்றன.

ரத்தப் புரதமான ஆல்புமினும் அப்படித்தான். அது ஊட்டத்தைவிட அழற்சியைத்தான் அதிகம் காட்டுகிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 20 நாள் அளவுக்கு இருப்பதால், இந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டதை அது இந்த வாரமே சொல்லாது. ஆல்புமின் குறைவாக இருந்தால் ஆபத்து கூடுதல் என்பது உண்மை, ஆகவே பாருங்கள். ஆனால் குறைந்துவிட்டது என்று 20 சதவீத ஆல்புமின் பாட்டில் ஏற்றுவதை ஊட்டச் சிகிச்சை என்று எண்ண வேண்டாம். 100 மில்லி பாட்டிலில் இருப்பது 20 கிராம் புரதம், விலையோ ஆயிரக்கணக்கில். அதுவும் தசையாக மாறப்போவதில்லை.

சரி, எதை அளப்பது?

முதலில் கைப்பிடி வலு. பிடியை அமுக்கும் பலத்தைக் கிலோவில் காட்டும் டைனமோமீட்டர் துறைக்கு ஒன்று போதும். ஹைட்ராலிக் வகை என்றால் நோயாளியை உட்கார வைத்து, முழங்கையை 90 பாகையில் மடக்கி, தோளை உடலோடு ஒட்டி, பிடியை இரண்டாவது நிலையில் பொருத்தி, 'முழு பலத்தோடு அமுக்குங்கள்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் மாற்றி மாற்றி, இடையில் ஓய்வு கொடுத்து, கிடைத்ததில் பெரிய எண்ணை எழுத வேண்டும். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் ஒப்புக்கொண்ட எல்லை ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ. அதற்குக் கீழே போனால் பலம் குறைவு. இங்கே தவறு நடக்கும் இடங்கள் சில்லறையானவை, ஆனால் எண்ணையே மாற்றிவிடும். புறங்கையில் ஊசி குத்திய பிறகு அளப்பது, பவுண்டு அளவைக் கிலோ என்று படிப்பது, 'மெதுவா பண்ணுங்கம்மா' என்று பரிவாகச் சொல்லிவிடுவது. மெதுவாக அமுக்கினால் எல்லோருமே நோயாளிதான். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதைக் குறிப்பில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது நாற்காலி. கைப்பிடி இல்லாத, சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, வழுக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்காரச் சொல்லி, கைபேசியில் நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் குறைவு. கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியாவிட்டால் அதுவே விடை. வார்டில் கிடைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைப் பளபளக்கும் டைல்ஸில் போட்டு இதைச் செய்யாதீர்கள்; பின்னால் வழுக்கி நோயாளி விழுவார். முட்டித் தேய்மானம் உள்ளவர் வலியால் தாமதிக்கிறாரா, பலமின்மையால் தாமதிக்கிறாரா என்பதைக் கேட்டு எழுத வேண்டும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு.

மூன்றாவதாகக் கெண்டைக்கால் சுற்றளவு. உட்கார்ந்து பாதம் தரையில் படிந்திருக்க, நீளாத டேப்பைத் தசையை அழுத்தாமல் சுற்றி, மிகப் பருத்த இடத்தில் எடுக்க வேண்டும். ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சந்தேகிக்கலாம். விரலால் அழுத்தினால் குழி விழும் கால் என்றால் இந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இன்னொன்று: நம் பக்கத்துக் கிராமத்து உழைப்பாளிகளில் பலர் இயல்பிலேயே ஒல்லி. டேப்பை மட்டும் நம்பினால் மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கைகளோடு வரும் திடகாத்திரமான மனிதரையும் தசை குறைந்தவர் என்று எழுதிவிடுவோம். அதனால்தான் பலத்தை முதலிலும் அளவைப் பிறகும் வைத்தோம். பலம், அளவு இரண்டும் குறைந்தவர்தான் முழுக் கவனம் வேண்டியவர்.

நடை வேகமும் உண்டு. 6 மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க 6 விநாடிக்கு மேல் ஆனால் குறைவு. வராந்தாவில் இரண்டு கோடு போட்டுவிட்டால் முடிந்தது.

வெளிநோயாளிப் பிரிவுக் கூட்டத்தில் இதற்கும் நேரமில்லை என்றால், செவிலியர் ஐந்து கேள்வி கேட்கலாம். 5 கிலோ அரிசிப் பையைத் தூக்க முடிகிறதா, அறையைக் கடந்து நடக்க முடிகிறதா, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, பத்துப் படி ஏற முடிகிறதா, போன ஒரு வருஷத்தில் எத்தனை முறை விழுந்தார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வருபவர்களை அளவீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் இந்தக் கேள்விகள் ஆரம்ப நிலையில் உள்ள பலரைத் தவறவிடும். எங்களைக் கேட்டால், நாற்காலிச் சோதனையே இதைவிடச் சீக்கிரம் முடியும்.

இனி சி.டி. பற்றி. இது கதிரியக்கவியல் துறையினரும் படிக்க வேண்டிய பகுதி. வயிற்றுப் புற்றுநோயாளி எல்லோருக்கும் அறுவைக்கு முன் சி.டி. எடுத்தாகிவிட்டது. தசை அளவு அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கூடுதல் கதிர்வீச்சோ செலவோ இல்லை. மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பில், இரு பக்கக் கிடை நீட்சிகளும் தெளிவாகத் தெரியும் ஒரு குறுக்குவெட்டை எடுத்து, சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் மைனஸ் 29 முதல் பிளஸ் 150 வரைக்குள் வரும் தசைப் பரப்பை அளக்க வேண்டும். சோவாஸ் (முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் தசை), முதுகு நிமிர்த்தும் தசைகள், இடுப்புச் சதுரத் தசை, வயிற்றுச் சுவர்த் தசைகள் எல்லாமே சேர வேண்டும். இமேஜ்ஜே, 3டி ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருள்களே இதற்குப் போதும். பழகியவருக்குச் சில நிமிட வேலை. பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் குறியீட்டெண் கிடைக்கும். 110 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 1.60 மீட்டர் உயரம் என்றால் 110-ஐ 2.56-ஆல் வகுக்க, 43 வரும்.

எல்லை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். ஆய்வுகளில் அடிக்கடி காட்டப்படும் ஆணுக்கு 52.4, பெண்ணுக்கு 38.5 என்ற எண்கள் 2008-இல் கனடாவில் உடல் பருத்த புற்றுநோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. அதை உசிலம்பட்டி விவசாயிக்குப் போட்டால் வார்டில் பாதிப் பேர் தேறமாட்டார்கள். தயவுசெய்து அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் மருத்துவமனையின் நோயாளிகளை ஆண், பெண் என்று பிரித்து வரிசைப்படுத்தி, கடைசிக் கால் பங்கில் வருபவர்களைக் கவனிக்க வேண்டியவர்களாகத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். தசையின் அடர்த்தியும் பார்க்கத் தக்கது. தசைக்குள் கொழுப்பு ஊறியிருந்தால் பரப்பு சரியாக இருக்கும், ஹவுன்ஸ்ஃபீல்ட் சராசரி விழுந்திருக்கும், பலமும் இருக்காது. ஆனால் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தின் கட்டத்தைப் பொறுத்து இந்தச் சராசரி ஏறி இறங்கும் என்பதால் எல்லோருக்கும் ஒரே கட்டத்தில் அளக்க வேண்டும். முள்ளெலும்பைத் தப்பாக எண்ணுவது, பருத்தவரின் பக்கச் சுவர் படத்தின் விளிம்பில் வெட்டுப்படுவது, அவசரத்தில் சோவாஸை மட்டும் அளப்பது ஆகியவை நடக்கக்கூடிய பிழைகள். சோவாஸ் சிறிய தசை. கோடு கொஞ்சம் விலகினாலும் விழுக்காடு பெரிதாக மாறிவிடும்.

இவ்வளவு அளக்கச் சொல்லும்போதே எங்களுக்கு ஒரு பயம் உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். 'தசை இல்லை, தாங்கமாட்டார், வேண்டாம்' என்று திருப்பி அனுப்ப இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. தசை குறைந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், முதியவர்கள், மாதக்கணக்கில் கஞ்சியில் காலம் தள்ளியவர்கள். ராமநாதபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் பேருந்து மாறி மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ வந்து இறங்குபவர்களை ஒரு டைனமோமீட்டர் வாசலில் நிறுத்திவிடக் கூடாது. எண் குறைந்தால் ஆயத்தம் கூட வேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். குடும்பத்திடம் ஆபத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முடிந்தால் சிறிய அறுவையாக, சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் முடியுமா என்று யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

இன்னொரு நேர்மையும் தேவை. தசைக் குறைவும் மோசமான விளைவும் சேர்ந்து வருகின்றன என்பதால் ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. முற்றிய புற்றுநோய் தசையையும் கரைக்கும், ஆயுளையும் குறைக்கும். ஆயத்தப் பயிற்சி பலன் தருமா என்பதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பார்சிலோனாவில் ஆபத்து மிகுந்த வயிற்று அறுவை நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் 31 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 62 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு நான்கு வாரம் உடற்பயிற்சி, உணவு, மனத் துணை, புகை நிறுத்தம் எல்லாம் சேர்த்துக் கொடுத்த 2023-ஆம் ஆண்டு பன்னாட்டு ஆய்வில் கடும் சிக்கல்கள் 29.7 சதவீதத்திலிருந்து 17.1 சதவீதமாகக் குறைந்தன. ஆனால் மான்ட்ரியலில் நலிந்த முதியோரிடம் செய்து 2020-இல் வெளியானதில் 30 நாள் சிக்கல்களில் வித்தியாசமே இல்லை. தாளில் அச்சடித்த உடற்பயிற்சிப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் ஒன்றும் ஆகாது என்பதும், யாராவது கூட நின்று செய்ய வைத்து, அதோடு சாப்பாடும் சேர்ந்தால் பலன் இருக்கிறது என்பதும் எங்கள் கருத்து.

சாப்பாட்டுக்கு வருவோம். ஐரோப்பிய மருத்துவ ஊட்டவியல் சங்கத்தின் வழிகாட்டுதல், அறுவை நோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1.5 கிராம் புரதம் என்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 75 கிராம் புரதம். இப்போது அவர் உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு மறுபடி இட்லி, நடுவில் இரண்டு காபி, பிஸ்கட். எண்ணிக் கூட்டினாலும் 30 கிராம் தாண்டாது. 'உடம்பு சரியில்லை, கஞ்சி கொடு' என்பது நம் வழக்கம். 30 கிராம் அரிசி போட்டுக் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் புரதம் 2 கிராம்தான். இளநீரில் ஏறக்குறைய இல்லை. ஆட்டுக்கால் சூப்பும் நெஞ்செலும்பு சூப்பும் மதுரையில் நோயாளிக்குத் தராத வீடு இல்லை. தெளிந்த சூப்பில் உள்ளது பெரும்பாலும் ஜெலட்டின். டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அதில் கிடையாது. சூப் வேண்டாம் என்று சண்டை போட வேண்டியதில்லை. அதில் வெந்த கறியையும் வழித்துச் சாப்பிடச் சொன்னால் போதும்.

75 கிராம் எட்டுவதற்குச் சந்தையில் டின் வாங்க வேண்டிய அவசியமில்லை. காலையில் மூன்று இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, இடையில் ஒரு டம்ளர் பால், மதியம் 40 கிராம் துவரம்பருப்பைக் கெட்டியாகக் கடைந்து சாதத்தோடும் 100 கிராம் மீன் அல்லது கோழியோடும், மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு இரண்டு தோசையும் ஒரு கிண்ணம் தயிரும். கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். அசைவம் தொடாதவருக்கு 30 கிராம் உலர்ந்த சோயா உருண்டை 15 கிராம் தரும். பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுக்கலாம். மொத்தத்தையும் மதியமே திணிக்காமல், நாள் முழுவதும் பிரித்துக் கொடுப்பது நல்லது.

தடை எங்கிருந்து வருகிறது என்றால், வீட்டிலிருந்து. முட்டை சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும், பருப்பு சாப்பிட்டால் தையல் ஆறாது, மீன் அரிப்பு என்ற நம்பிக்கை மேலூரிலும் இருக்கிறது, அண்ணா நகரிலும் இருக்கிறது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் அவர்கள் விலக்கினால் விலக்கிக்கொள்ளட்டும், அதற்காக வாதாட வேண்டாம். முட்டையும் பருப்பும் போனால் புரதமே போய்விடும். எங்களில் உணவியலாளர்கள் எவ்வளவு சொன்னாலும் குடும்பம் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: 'பெரிய டாக்டர் சொன்னாரா?' அதனால் உங்கள் கையெழுத்தில் மருந்துச் சீட்டிலேயே, 'முட்டை 2, பருப்பு, மீன் தினமும்' என்று மாத்திரைக்கு மேலே எழுதிவிடுங்கள். இந்த மடலில் நாங்கள் கேட்பதிலேயே செலவில்லாததும் அதிகம் பலிக்கக்கூடியதும் இதுதான்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிக்கு 1.5 கிராமைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது; சிறுநீரக மருத்துவரைக் கேட்க வேண்டும். கல்லீரல் சுருக்க நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும், அவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை, படுக்கும் முன் ஒரு சிற்றுண்டியும் தேவை. பல வாரம் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று முழு உணவு கொடுத்தால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறும். தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, உப்புகளைத் தினமும் பார்த்துக்கொண்டே சில நாட்களில் ஏற்ற வேண்டும். உணவுக்குழாயோ இரைப்பை வாயோ அடைத்தவரிடம் 'நல்லா சாப்பிடுங்க' என்று சொல்வது கேலிதான்; அவருக்குக் குழாய் வழி உணவு வேண்டும். அதுவும் நீர்த்த கஞ்சித் தண்ணீராக இல்லாமல் மில்லிக்கு ஒரு கலோரியாவது இருக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர், பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே உள்ளவர் போன்ற கடும் ஊட்டக் குறைவாளர்களுக்கு, புற்றுநோயாக இருந்தாலும் 7 முதல் 14 நாள் தள்ளி வைத்து ஊட்டம் கொடுத்தபின் அறுவை செய்யலாம் என்பது அதே ஐரோப்பிய வழிகாட்டுதல். முதலில் கீமோ கொடுத்துப் பிறகு அறுவை செய்பவர்களுக்கு இன்னும் நீண்ட அவகாசம் இருக்கிறது. ஆனால் அந்த வாரங்களில்தான் தசை இன்னும் கரைகிறது. கீமோவுக்கு முன்னும் பின்னும் எடுத்த சி.டி.களை ஒப்பிட்டாலே தெரியும்.

உடற்பயிற்சியில் புதுமை எதுவும் வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு படி ஏறி இறங்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது. வாரத்தில் மூன்று நாள். மற்ற நாட்களில் பேச முடியும், பாட முடியாது என்ற அளவு மூச்சு வாங்கும்படி 20 முதல் 30 நிமிடம் நடை. மதுரை வெயிலில் இது காலை ஏழு மணிக்குள் முடிய வேண்டும். 12 முறை எளிதாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல் எதிர்ப்பைக் கூட்ட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுக்கலாம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்த வேண்டும். நிலையற்ற மார்பு வலி, கடும் இதய வால்வுச் சுருக்கம், கடும் ரத்தசோகை உள்ளவருக்கு முதலில் அதற்கு வைத்தியம்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை வாங்கி வரச் சொல்கிறீர்கள், வாங்கியும் வருகிறார்கள். பெரும்பாலோர் அதை ஊதுகிறார்கள். அது உறிஞ்ச வேண்டிய கருவி. மெதுவாக உறிஞ்சி, பந்தை மேலே நிறுத்தி மூன்று விநாடி பிடித்து விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. அறுவைக்கு முன்பே கற்றுக்கொடுத்தால்தான் வலியோடு இருக்கும்போது சரியாகச் செய்வார். பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பே நிறுத்தினால் நுரையீரல் சிக்கல் குறைகிறது. பிசியோதெரபிக்கு அனுப்பும் சீட்டு இப்போது அறுவை முடிந்து நான்காம் நாள், சளி கட்டிய பிறகு வருகிறது. அதையே நாள் குறிக்கும் அன்று அனுப்புங்கள்.

அறுவை நாளிலும் கொஞ்சம் மாற்ற வேண்டும். இரவு 10 மணியிலிருந்து தண்ணீர்கூட இல்லை என்று சொல்லி, மதியம் இரண்டு மணிக்குத் தியேட்டருக்குள் எடுத்து, அல்லது லிஸ்ட் நீண்டுவிட்டது என்று மறுநாளைக்குத் தள்ளி மறுபடியும் பட்டினி போடும்போது, சேர்த்து வைத்த தசையை நாமே கரைக்கிறோம். திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம் என்பது மயக்கவியலில் ஒப்புக்கொண்ட விதி. இரைப்பை காலியாகத் தாமதமாகிறவர்கள் மட்டும் விலக்கு. அறுவைக்குப் பின் வாயு பிரியும் வரை வாய்வழி எதுவும் இல்லை என்ற வழக்கமும் பெரும்பாலானவர்களுக்குத் தேவையற்றது. 'படுத்தே இருங்க, தையல் பிரிஞ்சிடும்' என்று கூட இருப்பவர் சொல்லும்போது, ரவுண்ட்ஸில் நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னால் நோயாளி அன்றே நடப்பார். சிறுநீர்க் குழாயும், வயிற்றுக்குள் தேங்குவதை வெளியேற்றும் டிரெயின் குழாயும் தேவை முடிந்த அன்றே வெளியே வந்தால் நடை இன்னும் எளிது.

குடல் ஓட்டை, இடுப்பெலும்பு முறிவு போன்ற அவசரங்களில் ஆயத்தத்துக்கு நாள் கிடையாது, தாமதிக்கவும் கூடாது. அங்கே எண்ணின் பயன் வேறு: எங்கே படுக்கை வேண்டும், எத்தனை சீக்கிரம் உணவு தொடங்க வேண்டும், குடும்பத்திடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு மட்டும்.

நிர்வாகத்தினருக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல், ரத்தம் ஏற்பாடு, சோதனை முடிவுகள் என்று நாட்கள் எப்படியும் போகின்றன. அந்த நாட்களில் நோயாளி வாடிப்பட்டியிலோ பேரையூரிலோ வீட்டில் இருக்கிறார். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே உண்டு. அறுவைக்குக் காத்திருப்பவர்களின் பெயரையும் அவர்களுக்கு எழுதிய பயிற்சியையும் அந்தந்த வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் ஓர் ஏற்பாடு போதும். வாரம் இரண்டு முறை ஒரு தொலைபேசி அழைப்பு. அதில் மூன்றே கேள்வி: முட்டை சாப்பிட்டீர்களா, எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தீர்கள், எடை எவ்வளவு.

கேஸ் ஷீட்டில் ஐந்து வரி முத்திரை ஒன்று அடித்துக்கொள்ளலாம்: கைப்பிடி வலு, நாற்காலி விநாடி, கெண்டைக்கால், ஆறு மாத எடை மாற்றம், சி.டி. குறியீட்டெண். வெளியே போகும்போது அதே தாளில் நிமோனியா, புண் தொற்று, குடல் இணைப்புக் கசிவு, மறு அறுவை, தங்கிய நாள், 30-ஆம் நாள் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். ஓராண்டில் மதுரைக்கென்று சொந்த எல்லை எண்கள் கிடைத்துவிடும்; கனடாவிடம் கடன் வாங்க வேண்டாம்.

அளப்பதற்கான பயிற்சியை உங்கள் வார்டுக்கே வந்து தருகிறோம், ஒரு மதிய வேளை போதும். டேப்பும் டைனமோமீட்டரும் நாங்கள் கொண்டுவருகிறோம். கைப்பிடி இல்லாத, வழுக்காத நாற்காலி ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்டுகள், உணவியலாளர்கள், மயக்கவியல் மருத்துவர்கள், செவிலியர்கள்